விளம்பரச் சொற்களை எடைபோட்டு வாங்குவோம்

(உழவர் பயிற்சி முகாமில் விரிவாக்கத் துறைப் பேராசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



விதையைப் பற்றியோ உரத்தைப் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று நான் சில சொற்களைப் பற்றிப் பேச விரும்புகிறேன். ‘வரை’, ‘கூடும்’, ‘உதவும்’, ‘உகந்த சூழ்நிலையில்’ என்பன அந்தச் சொற்கள். விதைப் பையிலும், மருந்துப் புட்டியிலும், கடையில் கொடுக்கும் நோட்டீசிலும் இவை இருக்கின்றன. பெரிய எழுத்தில் அச்சிட்ட எண்ணை நாம் பார்க்கிறோம். பக்கத்தில் சிறிதாக நிற்கும் சொல்லைப் பார்ப்பதில்லை. நம் பணம் எவ்வளவு திரும்பி வரும் என்பதை அந்தச் சிறு சொல்தான் சொல்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன், நான் விரிவாக்கப் பணியில் சேர்ந்த புதிதில் நடந்ததைச் சொல்கிறேன். இறவையில் நிலக்கடலை பயிரிட்டிருந்த ஒரு பெரியவர், கையில் ஒரு நோட்டீசுடன் என்னிடம் வந்தார். பயிர் பூப்பருவத்தில் இருந்தது. ஏதோ ஒரு தெளிப்பு மருந்து. ‘30 சதம்’ என்று பெரிய எழுத்திலும், ‘வரை கூடுதல் மகசூல் கிடைக்கக்கூடும்’ என்று பொடி எழுத்திலும் அச்சிட்டிருந்தார்கள். “ஐயா, இதை அடிக்கலாமா?” என்று கேட்டார். அந்த மருந்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, “அடித்துப் பாருங்கள், பலன் கிடைக்கலாம்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அவர் இரண்டு ஏக்கருக்கும் கடனுக்கு வாங்கி மூன்று முறை அடித்தார். அறுவடையில் அடிக்காத பக்கத்து வயலுக்கும் அவர் வயலுக்கும் வேறுபாடு தெரியவில்லை. பிறகு ஒருநாள் என்னைத் தேடி வந்தார். சத்தம் போடவில்லை. “கடைக்காரர், நோட்டீசுல ‘வரை’ன்னுதானே போட்டிருக்குன்னார். நீங்க ‘கிடைக்கலாம்’னு சொன்னீங்க. ரெண்டு பேரும் பொய் சொல்லலீங்க. ஆனா போனது என் பணம்” என்றார்.

அந்தச் சொல் இன்றுவரை என் மனத்தில் இருக்கிறது. பொய் சொல்லாமலே ஒருவரை நட்டப்படுத்த முடியும் என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

மேல்வரம்பும் கீழ்வரம்பும்

முதலில் ‘வரை’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். ‘30 சதம் வரை கூடுதல் மகசூல்’ என்றால் என்ன பொருள்? முப்பதுக்கு மேல் போகாது என்பதுதான். இருபது கிடைத்தாலும் அந்த வாக்கியம் உண்மை. இரண்டு கிடைத்தாலும் உண்மை. ஒன்றுமே கிடைக்காவிட்டாலும் அதைப் பொய் என்று நிரூபிப்பது கடினம். எங்கோ ஒரு பாத்தியில் ஒருமுறை முப்பது கிடைத்திருந்தால் போதும். ‘வரை’ என்பது மேல்வரம்பு. விற்பவர் மேல்வரம்பைச் சொல்கிறார். நாம் அதைக் கீழ்வரம்பாக எண்ணிக்கொண்டு வீட்டுக்கு வருகிறோம்.

சட்டம் பேசும் சொல் வேறு. அது ‘குறைந்தபட்சம்’ என்று பேசுகிறது. 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட தரங்களைப் பாருங்கள். நெல் சான்று விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத் திறன் 80 சதம். மக்காச்சோளத்துக்கு 90, உளுந்துக்கு 75, நிலக்கடலைக்கு 70 சதம். நெல் விதையின் புறத்தூய்மை குறைந்தது 98 சதம் இருக்கவேண்டும். இங்கே ‘வரை’ கிடையாது. இதற்குக் கீழே போனால் அது சான்று விதை ஆகாது.

உர மூட்டையும் அப்படித்தான். யூரியாவில் தழைச்சத்து 46 சதம் என்பது 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணை விதித்த தரம். 45 கிலோ மூட்டையில் 20.7 கிலோ தழைச்சத்து இருக்கிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ‘46 சதம் வரை’ என்று எழுதிய மூட்டையை யாராவது வாங்குவோமா?

ஆகவே, பொருளின் மீது எதை எழுதியிருந்தாலும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: “இது மேல்வரம்பா, கீழ்வரம்பா?” மேல்வரம்பு ஆசைக்கு. கீழ்வரம்பு கணக்குக்கு. வட்டி கட்டுவதும் கூலி கொடுப்பதும் கீழ்வரம்பிலிருந்துதான்.

வாக்கியத்தின் வாலைப் பாருங்கள்

மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம், நடக்கவிட்டுப் பார்க்கிறோம். விளம்பரத்தை வாங்கும்போது வாலைப் பார்க்கவேண்டும். தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. பேச்சின் உறுதி எவ்வளவு என்பது அங்கேதான் தெரியும்.

‘தண்டுத்துளைப்பானைக் கட்டுப்படுத்தும்’ என்பது ஓர் உறுதி. ‘கட்டுப்படுத்த உதவும்’ என்றால் உறுதி பாதியாகிவிட்டது. வேறு ஏதாவது ஒன்றும் சேர்ந்து செய்யவேண்டும் என்று பொருள். அந்த வேறொன்று என்னவென்று சொல்லவில்லை. ‘கட்டுப்படுத்த உதவக்கூடும்’ என்றால் ஒன்றுமே சொல்லவில்லை. மூன்றையும் வேகமாகப் படித்தால் நம் மனத்தில் பதிவது ‘தண்டுத்துளைப்பான்’ என்ற சொல் மட்டும்தான்.

‘50 சதம் கூடுதல்’ என்று எழுதுவார்கள். எதைவிடக் கூடுதல்? ஒன்றுமே போடாத பாத்தியைவிடவா? நீங்கள் வழக்கமாகச் செய்யும் சாகுபடியைவிடவா? ஒன்றும் போடாத பாத்தியோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய எந்த உரமும் நன்றாகவே தெரியும். நீங்கள் ஏற்கெனவே மண் பரிசோதனைப்படி உரமிடுபவரானால் அந்த ஒப்பீடு உங்களுக்குப் பயன்படாது.

‘ஆயிரக்கணக்கான விவசாயிகள் வாங்குகிறார்கள்’ என்பது மற்றொரு வகை. வாங்கினார்கள் என்பது சரி. மறு ஆண்டும் வாங்கினார்களா என்பதே கேள்வி.

நிபந்தனை என்னும் கதவு

‘உகந்த சூழ்நிலையில்’, ‘முறையாகப் பயன்படுத்தினால்’ என்பன விற்பவர் தப்பிச் செல்லத் திறந்து வைத்திருக்கும் கதவுகள். மகசூல் வரவில்லையென்றால் சூழ்நிலை உகந்ததாக இல்லை என்பார். உகந்த சூழ்நிலை எது என்று அச்சிட்ட தாளில் எங்கும் இராது. எந்த மண், எந்தப் பட்டம், எத்தனை நாள் பயிர், ஏக்கருக்கு எவ்வளவு, எத்தனை லிட்டர் தண்ணீரில் என்று எழுதியிருந்தால் அது நிபந்தனை. எழுதாவிட்டால் அது சாக்கு.

இந்தக் கதவைச் சட்டமே ஓரிடத்தில் அடைத்திருக்கிறது. 1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தையொட்டி 1971-இல் வந்த விதிகளில், பூச்சி மருந்தின் லேபிளில் ‘பாதுகாப்பானது’, ‘நஞ்சற்றது’, ‘தீங்கற்றது’ போன்ற ஆதாரமற்ற உறுதிமொழிகள் இருக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அதோடு நிற்கவில்லை. ‘குறிப்பிட்டபடி பயன்படுத்தினால்’ என்ற அடைமொழியைச் சேர்த்துக்கொண்டும் அப்படி எழுதக்கூடாது என்கிறது விதி. உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் நிபந்தனைச் சொல்லைக் காட்டித் தப்பிக்கக்கூடாது என்பது அதன் கருத்து.

அதற்குப் பதிலாக லேபிளில் சாய்சதுரக் குறி ஒன்று போடச் சொன்னார்கள். அதன் கீழ்ப்பாதி சிவப்பானால் மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் அதற்கு அடுத்தது, நீலம் நடுத்தரம், பச்சை ஓரளவு நஞ்சு. பச்சை என்றால் நஞ்சே இல்லை என்று எண்ணி வெறும் கையால் கலக்கவேண்டாம். நான்கு நிறமும் நஞ்சின் அளவைச் சொல்பவையே. கடையில் யாராவது “இது ஒண்ணும் செய்யாதுங்க” என்று சொன்னால், அவர் வாயால் சொல்வதை லேபிளில் அச்சிட அவருக்கு உரிமையில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

எல்லாத் தயக்கமும் ஏமாற்று அல்ல

இதைக் கேட்டுவிட்டு, ‘கூடும்’ என்று சொல்பவர் எல்லாரும் ஏமாற்றுக்காரர் என்று முடிவு செய்துவிடாதீர்கள். வேளாண்மை வானத்தையும் மண்ணையும் நம்பியது. நேர்மையானவனும் சில இடங்களில் தயங்கித்தான் பேசவேண்டும். நூற்றுக்கு நூறு உறுதி என்று சொல்பவரிடம்தான் கூடுதல் எச்சரிக்கை தேவை.

வானொலியில் வானிலை அறிக்கை கேட்கிறீர்கள். ‘ஓரிரு இடங்களில் மழை’, ‘சில இடங்களில்’, ‘பல இடங்களில்’, ‘பெரும்பாலான இடங்களில்’ என்கிறார்கள். மழுப்பல்போல் தோன்றும். ஆனால் வானிலைத் துறையில் ஒவ்வொன்றுக்கும் அளவு உண்டு. அப்பகுதி மழைமானி நிலையங்களில் 25 சதம் வரை மழை பெய்தால் ‘ஓரிரு இடங்கள்’. 26 முதல் 50 சதம் ‘சில இடங்கள்’. 51 முதல் 75 சதம் ‘பல இடங்கள்’. அதற்கு மேல் ‘பெரும்பாலான இடங்கள்’. ‘ஓரிரு இடங்களில்’ என்றால் உங்கள் ஊரில் பெய்யாமல் போகவே வாய்ப்பு மிகுதி. அதை நம்பி உரம் வீசவேண்டாம் என்று நீங்கள் முடிவெடுக்கலாம். இதுதான் நேர்மையான தயக்கம். எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்பதை அளந்து சொல்கிறது.

பல்கலைக்கழகம் ரகம் வெளியிடும்போதும் அப்படித்தான். 2013-இல் வெளியான கோ 51 நெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வயது 105 முதல் 110 நாள்; சராசரி மகசூல் எக்டருக்குச் சுமார் 6,600 கிலோ என்று சொல்கிறோம். ஏக்கருக்கு ஏறத்தாழ 2,670 கிலோ ஆகிறது. சராசரி என்றால் சில இடங்களில் கூடுதலாகவும் சில இடங்களில் குறைவாகவும் கிடைத்தது என்று பொருள். எங்கோ கிடைத்த மிக உயர்ந்த விளைச்சலை மட்டும் சொல்லி உங்களை அழைத்தால் நாங்களும் நோட்டீசு அடிப்பவர்களாகிவிடுவோம்.

நல்ல தயக்கத்தையும் கெட்ட தயக்கத்தையும் பிரித்தறிய ஒரே வழி, அந்தச் சொல்லைப் பார்த்து “எவ்வளவு? எங்கே? எப்போது? எதைவிட?” என்று கேட்பதுதான். பதில் இருந்தால் அது அறிவியல். பதில் இல்லையென்றால் அது வியாபாரம்.

ஒரு சிறு கணக்கு

மறுபடியும் நிலக்கடலைக்கு வருவோம். இது உதாரணத்துக்காக நான் போடும் கணக்கு. விலையை உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஏக்கருக்கு 800 கிலோ காய் எடுப்பவர் ஒருவர். மருந்து 600 ரூபாய், தெளிப்புக் கூலி 400 ரூபாய், ஆக 1,000 ரூபாய் செலவு. காய் கிலோ 50 ரூபாய் என்றால், செலவு திரும்ப 20 கிலோ கூடுதலாக வேண்டும். நோட்டீசில் ‘30 சதம் வரை’ என்றிருந்தால் அது 240 கிலோ வரை ஆகிறது.

240 கிலோ என்ற பேச்சில் மயங்காமல், “இந்த 20 கிலோவாவது நிச்சயமா?” என்று கேளுங்கள். அதற்கு விற்பவர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. 800 கிலோவில் 20 கிலோ என்பது இரண்டரைச் சதம். கண்ணால் பார்த்து இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. இலை கொஞ்சம் பச்சையாகத் தெரிந்தால் மருந்து வேலை செய்தது என்று எண்ணிக்கொள்வோம். தராசில் நிறுத்தால்தான் உண்மை தெரியும். பயனில்லாத பொருள் ஆண்டுக்கணக்கில் விற்றுக்கொண்டிருக்க இதுவும் ஒரு காரணம்.

ஆகவே புதிய பொருள் எதையும் முழு வயலுக்கும் ஒரே நேரத்தில் போடவேண்டாம். ஒரே மாதிரி மண்ணுள்ள இடத்தில் ஐந்து சென்ட்டில் போட்டு, பக்கத்தில் ஐந்து சென்ட்டை விட்டுவையுங்கள். மற்றப் பராமரிப்பு இரண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும். அறுவடையில் தனித்தனியே எடைபோடுங்கள். இதையே இரண்டு மூன்று இடங்களில் செய்தால் இன்னும் நம்பலாம். உங்கள் வயலில் உங்கள் தராசு சொல்வதைவிடப் பெரிய சான்று வேறில்லை.

வாங்கும்போது கவனிக்கவேண்டியவை

1. விதையில் அட்டையின் நிறத்தைப் பாருங்கள். வல்லுநர் விதைக்கு மஞ்சள், ஆதார விதைக்கு வெள்ளை, சான்று விதைக்கு நீலம், உண்மைநிலை விதைக்குப் பச்சை. பையின் படத்தைவிட இந்த அட்டை முக்கியம்.

2. குவியல் எண், பரிசோதனை செய்த நாள், காலாவதி நாள் ஆகியவற்றைப் படியுங்கள். சான்று விதையின் செல்லத்தக்க காலம் பரிசோதனை நாளிலிருந்து ஒன்பது மாதம். மறு பரிசோதனையில் தேறினால் மேலும் ஆறு மாதம்.

3. விதைக்குமுன் நூறு விதைகளை எண்ணி ஈரச் சாக்கில் வைத்து முளைக்கவிடுங்கள். நெல்லை 14-ஆம் நாளும் நிலக்கடலையை 10-ஆம் நாளும் இறுதியாக எண்ணுங்கள். அட்டையில் சொன்னது சரியா என்பது தெரிந்துவிடும். ஐயம் இருந்தால் விதைப் பரிசோதனை நிலையத்தில் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம்.

4. பூச்சி மருந்தானால் பதிவு எண் உண்டா, உங்கள் பயிரும் உங்கள் பூச்சியும் துண்டுப்பிரசுரத்தில் உண்டா என்று பாருங்கள். ‘எல்லாப் பயிருக்கும் ஏற்றது’ என்று வாயால் சொல்வார்கள். உள்ளே உள்ள தாளில் இரண்டு மூன்று பயிர்களே இருக்கும்.

5. பயிர் ஊக்கிகள் 2021-இல் உரக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ் கொண்டுவரப்பட்டன. புதிய ஊக்கி எதையும் வாங்குமுன், அது ஆணையின்படி அனுமதி பெற்றதா என்று வேளாண்மை அலுவலரைக் கேளுங்கள்.

6. இரசீது இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். அதில் பொருளின் பெயர், குவியல் எண், விலை, நாள் இருக்கட்டும். நோட்டீசையும் அதனுடன் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். வாயால் சொன்ன உறுதியை, “இதை இரசீதிலேயே எழுதிக் கொடுங்கள்” என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே உண்மை வெளிவந்துவிடும்.

ஏமாற்றம் நேர்ந்தால்

நாம் விளைவித்து விற்பவர்கள், நமக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று சிலர் சொல்வார்கள். அது சரியன்று. தேசிய விதைக் கழகம் தொடர்பான வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம், விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று தீர்ப்பளித்தது. வாங்கிய விதை முழுவதையும் விவசாயி விதைத்துவிடுவதே இயல்பு, வழக்குக்காக மாதிரி எடுத்து வைத்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது என்றும் சொன்னது. இருந்தாலும் ஒரு கைப்பிடி விதையும் காலிப் பையும் அட்டையும் உங்களிடம் இருப்பது நல்லது.

முளைப்போ விளைச்சலோ தவறினால் வயலை உழுதுவிடாதீர்கள். முதலில் வேளாண்மை விரிவாக்க மையத்துக்கும் விதை ஆய்வாளருக்கும் எழுத்தில் தெரிவித்து, வயலைப் பார்வையிட்டு அறிக்கை தரச் சொல்லுங்கள். பயிர் நிற்கும்போது கிடைக்கும் அறிக்கைதான் பிறகு பேசும்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடவேண்டும். பொருளுக்கு நீங்கள் கொடுத்த விலை 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணம் இல்லை. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தையும் கேட்கலாம். தவறான விளம்பரத்துக்கு 10 இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க மத்திய ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பாருங்கள், இங்கும் ஒரு ‘வரை’ வந்துவிட்டது! தண்டம் கட்டாயம் 10 இலட்சம் என்று நானும் சொல்ல முடியாது.

2022-இல் வந்த வழிகாட்டு நெறிகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். விளம்பரத்தின் நிபந்தனைக் குறிப்பு, மேலே சொன்ன உறுதிமொழியின் அதே மொழியில், அதே எழுத்துருவில் இருக்கவேண்டும். முக்கியச் செய்தியை மறைக்கக்கூடாது. மேலே சொன்னதற்கு முரணாகவும் இருக்கக்கூடாது. தமிழில் ஆசை காட்டிவிட்டு ஆங்கிலத்தில் கைகழுவுவது இனிச் செல்லாது.

உழவர் பெருமக்களே, கடைசியாக எங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சொல்லை எடைபோடுவதைக் கடைக்காரரோடு நிறுத்திவிடாதீர்கள். எங்களையும் எடைபோடுங்கள். அலுவலரோ பேராசிரியரோ ‘பலன் கிடைக்கலாம்’ என்றால், “எவ்வளவு? எங்கே சோதித்தீர்கள்?” என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. அந்தப் பெரியவர் அன்று என்னை அப்படிக் கேட்டிருந்தால், எனக்குத் தெரியாது என்ற உண்மை அப்போதே வெளிவந்திருக்கும். அவர் பணமும் மிஞ்சியிருக்கும்.

அதன்பிறகு தெரியாத பொருளைப் பற்றி யார் கேட்டாலும், “எனக்குத் தெரியாது, ஐந்து சென்ட்டில் போட்டு எடைபோட்டுப் பாருங்கள், நானும் வந்து பார்க்கிறேன்” என்றுதான் சொல்லிவருகிறேன். இதில் ‘கூடும்’ இல்லை, ‘வரை’ இல்லை. நீங்களும் அடுத்த முறை கடைக்குப் போகும்போது எண்ணைப் படித்தபின், அதன் அருகில் நிற்கும் சொல்லையும் ஒருமுறை படித்துவிட்டுப் பணத்தை எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.